ஒட்டகத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள்

"லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? 1962-இல் டேவிட் லீன் எடுத்த படம், பீட்டர் ஓ'டூலின் நீலக் கண்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், நிறைய ஒட்டகங்கள். படம் ஆரம்பிப்பது மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில். நிஜத்திலும் டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் அப்படித்தான் இறந்து போனார்.

ஆனால் ஒட்டகத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ரொம்ப காலம் முன்பே அவரிடம் ஒரு மிதிவண்டி இருந்தது. படத்தில் அதைக் காட்டவே இல்லை! 1907 ஏப்ரல், ஈஸ்டர் விடுமுறையில் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வேல்ஸுக்குக் கிளம்பினார். வயது 18. பார்க்கப் போனது அங்கே இருக்கிற பழைய கோட்டைகளை.

சைக்கிள் மிதிப்பது, புத்தகம் படிப்பது, இடிந்த கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பது... மூன்றுமே லீவில் பொழுது போகாதவர்கள் செய்கிற காரியம் மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவர், பெரிய பெரிய சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்ததோடு சண்டைக்குப் போனார். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள்? அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தும் அவர் கேட்காமல் விட்ட கேள்வி எது? இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சைக்கிள் மலிவான கதை

முதலில் சைக்கிள். அந்தக் காலத்துச் சைக்கிளில் முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு. அதில் ஏறி விழுந்தால் மண்டை உடையும். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின் சக்கரத்துக்குச் செயின் போட்ட "ரோவர்" வண்டியைக் கொண்டு வந்தார். இன்று தெருவில் ஓடுகிற சைக்கிளுக்கெல்லாம் அதுதான் பாட்டனார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். லாரன்ஸ் பிறந்ததும் அதே 1888-இல்தான்.

அடுத்து நடந்தது வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடித்த கதை. 1896-97 வாக்கில் இங்கிலாந்தில் சைக்கிள் கம்பெனிகளின் பங்குகள் கன்னாபின்னாவென்று ஏறின. புதுப்புதுக் கம்பெனிகள், புதுப்புதுத் தொழிற்சாலைகள். பிறகு எல்லாம் சரிந்தது. பங்கு வாங்கியவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். ஆனால் சரக்கு குவிந்து கிடந்ததால் விலை இறங்கியது. பணக்கார இளைஞர்களின் விளையாட்டுச் சாமானாக இருந்த சைக்கிள், குமாஸ்தாவும் பள்ளி மாணவனும் வாங்கக் கூடிய பொருளாகிவிட்டது.

1878-லேயே அங்கே சைக்கிள் பயணிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. பார்த்தலமியூ கம்பெனி அரை அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வண்ண வரைபடங்கள் போட்டது. எந்தச் சாலை நல்ல சாலை, எது மோசம் என்று திருத்தங்கள் எழுதி அனுப்பியவர்கள் இந்தச் சங்கத்து உறுப்பினர்களே. ரயில் போகாத ஊருக்கும் கையில் ஒரு மேப்போடு, யாரையும் எதிர்பார்க்காமல், காசு அதிகம் செலவழிக்காமல் போகலாம் என்ற நிலைமை வந்தது. பழைய காலத்துச் சரித்திர ஆசிரியருக்குக் குதிரையும் வேலைக்காரனும் வேண்டியிருந்தது. இப்போது இரண்டு கால் போதும்.

வேல்ஸில் பிறந்தவர், வேல்ஸ்காரர் அல்ல

லாரன்ஸ் பிறந்தது வடக்கு வேல்ஸில் டிரெமாடாக் என்ற சின்ன ஊரில், 1888 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பா அயர்லாந்தில் நிலபுலன் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் சாப்மன். மனைவியையும் நான்கு பெண்களையும் விட்டுவிட்டு, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த சாரா என்ற பெண்ணோடு வெளியேறி, "லாரன்ஸ்" என்று பெயரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராக வாழ்ந்தார். டிரெமாடாக் அந்த ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் ஸ்காட்லாந்து, பிறகு பிரான்ஸ், கடைசியில் 1896-இல் ஆக்ஸ்ஃபோர்டு.

அப்பாவுக்குச் சைக்கிள், ஃபோட்டோ, பழைய தேவாலயங்கள் மூன்றிலும் பைத்தியம். அது பையனுக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூட நாட்களிலேயே சுற்று வட்டாரத்துத் தேவாலயங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய், கல்லறைகளின் மேல் பதித்திருக்கும் பித்தளைத் தகடுகள் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து உருவங்களைப் படி எடுத்து வருவார். ஆக்ஸ்ஃபோர்டில் எங்கே கடைக்கால் தோண்டினாலும் கூலியாட்களிடம் நட்பு பிடித்து, கிடைக்கிற பழைய பானை ஓடுகளை ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கொண்டு போய்க் கொடுப்பார்.

இங்கேதான் டிரெமாடாக் உதவிக்கு வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜீசஸ் கல்லூரி என்று ஒன்று. 1571-இல் தொடங்கியது. காலங்காலமாக வேல்ஸ் மாணவர்களின் கல்லூரி என்று பெயர். வேல்ஸில் பிறந்தவர்களுக்கென்று அங்கே உதவித்தொகை இருந்தது. வேல்ஸ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் பிறந்த ஊர் வேல்ஸ்தானே! 1907-இல் லாரன்ஸுக்கு அது கிடைத்தது. அக்டோபரில் கல்லூரியில் சேர வேண்டும். நடுவில் வந்த ஈஸ்டர் விடுமுறையில்தான் அந்த வேல்ஸ் பயணம்.

புத்தகம் கல்லைத் தவறாகப் படித்த கதை

வேல்ஸின் பழைய இடங்களைத் தேடிப் போன முதல் ஆள் லாரன்ஸ் இல்லை. 1188-இல் ஜெரால்ட் என்ற பாதிரியார், சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட ஆர்ச்பிஷப் பால்ட்வினோடு வேல்ஸ் முழுக்கச் சுற்றி, அந்தப் பயணத்தை லத்தீனில் புத்தகமாக எழுதினார். அடுத்து எட்வர்ட் லூயிட். இவரும் ஜீசஸ் கல்லூரியில் படித்தவர், ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1696-இல் ஒரு கேள்வித்தாளை அச்சடித்து, "உங்கள் ஊரில் என்ன பழைய கற்கள் இருக்கின்றன?" என்பது மாதிரிக் கேள்விகளோடு வேல்ஸ் ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். அத்தோடு விடாமல் 1697 முதல் நான்கு வருடம் தானே நேரில் போய்ப் பார்த்தார். கேள்வித்தாளும் கள ஆய்வும்! இன்றைக்கு ப்ராஜெக்ட் செய்கிற மாணவர்கள் செய்வதை முன்னூறு வருடம் முன்பே செய்துவிட்டார் மனிதர்.

நேரில் போய்ப் பார்த்தும் தவறிப் போனவர்களும் உண்டு. வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சீ என்று ஒரு தீவு. அங்கே பெரிய பெரிய பாறைகளை நிறுத்தி, மேலே இன்னொரு பாறையை மூடியாக வைத்த கற்கால அமைப்புகள் பல இருக்கின்றன. அந்தத் தீவிலேயே பாதிரியாராக இருந்த ஹென்றி ரோலண்ட்ஸ் 1723-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் டாசிட்டஸ் என்ற ரோமானியச் சரித்திர ஆசிரியரைப் படித்தவர். கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை ஆங்கிள்சீக்குள் புகுந்து ட்ரூயிட் என்ற பூசாரிகளை அழித்தது என்று டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ரோலண்ட்ஸ் இரண்டையும் கூட்டிப் போட்டார். இந்தக் கற்கள் எல்லாம் ட்ரூயிட்கள் பலி கொடுத்த மேடைகள் என்று முடிவு கட்டினார். அடுத்த நூற்றைம்பது வருடம் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

உண்மை என்ன? அவை கல்லறைகள். அவற்றில் புகழ்பெற்றது பிரின் கெத்லி தீ. வேல்ஸ் மொழியில் "இருண்ட தோப்பில் உள்ள மேடு" என்று அர்த்தம். கட்டி ஐயாயிரம் வருடம் ஆகிறது. அதாவது ட்ரூயிட்கள் காலத்திலேயே அதற்கு மூவாயிரம் வயது! இதன் உள்ளே போகும் பாதை கோடையின் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் நார்மன் லாக்கியர். சூரிய ஒளியில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அதே லாக்கியர்தான். அவர் அதைச் சொன்னது லாரன்ஸ் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில். தொல்லியல்காரர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு வருடம் கழித்து ஸ்டீவ் பரோ என்ற ஆய்வாளர் விடியற்காலையில் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். சூரியன் மரங்களுக்கு நடுவே எழுந்து, நேராகப் பாதை வழியே உள்ளே வந்து, பின் சுவரில் விழுந்தது. அவருடைய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. யாராவது சரியான நாளில், சரியான நேரத்தில் போய் உட்கார்ந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆக, படித்ததை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அதைத்தான் லாரன்ஸ் கோட்டைகளில் செய்ய நினைத்தார்.

இரும்பு வளையம்

வேல்ஸ் கோட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பெரும்பகுதியை லுவெலின் என்ற இளவரசர் ஆண்டார். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1277-இலும் 1282-83-இலும் படையெடுத்தார். 1282 டிசம்பர் 11-இல் லுவெலின் கொல்லப்பட்டார். அதோடு சுதந்திர வேல்ஸின் கதை முடிந்தது. பிடித்த நாட்டைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள எட்வர்ட் வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். ஃப்ளின்ட், ரட்லன், கான்வி, கேர்னார்வன், ஹார்லெக், கடைசியாக ஆங்கிள்சீ தீவில் பியூமாரிஸ். பிற்காலத்தில் இதற்கு "இரும்பு வளையம்" என்று பெயர் வந்தது.

இவற்றில் ஹார்லெக்கும் பியூமாரிஸும் ஒரு குறிப்பிட்ட வகை. மதிலுக்குள் மதில். வெளி மதில் குட்டை, உள் மதில் உயரம். வெளி மதிலில் நிற்பவனும் அம்பு விடலாம், அவன் தலைக்கு மேலே உள் மதிலில் நிற்பவனும் விடலாம். எதிரி வெளி மதிலைப் பிடித்தாலும் உள்ளே இருப்பவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டிக்கொள்வான். தெற்கு வேல்ஸில் உள்ள கேர்ஃபிலியும் இதே வகை. சுற்றிலும் செயற்கை ஏரிகள் வேறு. ஆனால் அதைக் கட்டியது எட்வர்ட் இல்லை, கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு. ஆரம்பித்தது 1268-இல்.

இந்த மதிலுக்குள் மதில் யோசனை எங்கிருந்து வந்தது? அன்றைக்குப் புத்தகங்கள் பலவும் சொன்ன பதில்: கிழக்கிலிருந்து. சிலுவைப் போருக்குப் போன ஐரோப்பியர்கள் பைசாண்டியக் கோட்டைகளைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டு வந்து சொந்த ஊரில் கட்டினார்கள் என்பது அந்தக் கட்சி. போர்க்கலை வரலாற்றை எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சார்லஸ் ஓமன் இதைச் சொன்னவர்களில் முக்கியமானவர். எட்வர்டே 1271-72-இல் சிலுவைப் போர்க்காரராகப் பாலஸ்தீனத்தில் இருந்தவர் என்பதால் கேட்பதற்கும் பொருத்தமாக இருந்தது. ஆனால் தேதியைப் பாருங்கள். எட்வர்ட் அங்கே போவதற்கு முன்பே கேர்ஃபிலியில் வேலை ஆரம்பித்துவிட்டது! ஏரி வைத்துக் காக்கும் யோசனை, 1266-இல் டி கிளேர் பங்கெடுத்த கெனில்வொர்த் முற்றுகையில் பார்த்ததாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிற ஊர் அது.

2,400 மைல், பிறகு 1,000 மைல்

வேல்ஸ் வெறும் ஆரம்பம். லாரன்ஸ் 1906-இலேயே பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில் நண்பரோடு சைக்கிளில் சுற்றியிருந்தார். 1908 கோடையில் தனியாக பிரான்ஸ் முழுக்க ஒரு சுற்று. சுமார் 2,400 மைல். அதாவது ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், கியர் வசதி பெரிதாக இல்லாத வண்டியில், தார் போடாத சாலைகளில். போகிற இடமெல்லாம் கோட்டைகளை அளந்தார், வரைந்தார், ஃபோட்டோ எடுத்தார், வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் கூட நலம் விசாரிப்பை விடச் சுவரும் கோபுரமும்தான் அதிகம்.

அந்தச் சமயம் ஆக்ஸ்ஃபோர்டில் சரித்திரப் பட்டத் தேர்வோடு ஆய்வுக் கட்டுரை ஒன்றும் சமர்ப்பிக்கலாம் என்று விதி வந்திருந்தது. லாரன்ஸ் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். 12-ஆம் நூற்றாண்டு முடியும் வரை ஐரோப்பியக் கோட்டைகளில் சிலுவைப் போர்களின் தாக்கம் என்ன? மேற்கில் பார்த்தாகிவிட்டது. கிழக்கைப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

1909 கோடையில் சிரியாவுக்குக் கிளம்பினார். துருக்கிய அரசின் அனுமதிக் கடிதங்களை வாங்கித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் வேந்தராக இருந்த கர்சன் பிரபு. (ஆமாம், 1905-இல் வங்காளத்தை இரண்டாக்கிய அதே கர்சன்தான்!) அரேபியாவில் பயணம் செய்து பெரிய புத்தகம் எழுதிய சார்லஸ் டவுட்டியிடம் யோசனை கேட்டபோது, அந்த வெயிலில் நடந்து போவது சரிப்படாது என்று அவர் தடுத்தார். லாரன்ஸ் கேட்கவில்லை. இங்கே சைக்கிள் உதவாது. சுமார் 1,000 மைல் நடந்தார். முப்பத்தாறு கோட்டைகளைப் பார்த்தார். மலேரியா வந்தது. வழியில் அடித்துப் பிடுங்கினார்கள். கல்லூரி திறந்து சில நாள் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

அவருடைய முடிவு: ஓமன் சொன்னது தலைகீழ். ஐரோப்பியர்கள் கிழக்கிலிருந்து கோட்டை கட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தங்கள் ஊர்ப் பாணியைக் கிழக்குக்குக் கொண்டு போனார்கள். 1910-இல் முதல் வகுப்பில் தேறினார். இருபத்தோரு வயது மாணவர் ஒருவர், அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சொன்னது தவறு என்று எழுதி, அதே பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு வாங்கினார் என்பது சின்ன விஷயம் இல்லை. அவரிடம் இருந்த தைரியத்துக்குக் காரணம் மூளை மட்டும் இல்லை. தான் மறுக்கிற ஒவ்வொரு சுவரையும் அவர் தொட்டுப் பார்த்திருந்தார்.

சண்டையில் ஜெயித்தது யார்?

முழுசாக யாரும் இல்லை. லாரன்ஸின் கட்டுரை அவர் இறந்த பிறகு 1936-இல் புத்தகமானது. 1988-இல் டெனிஸ் பிரிங்கிள் என்ற நிபுணர் குறிப்புகள் சேர்த்து மறுபடி பதிப்பித்தார். பாராட்டும் உண்டு, திருத்தமும் உண்டு. ஓமன் கட்சி அதிகமாகத்தான் அளந்துவிட்டது என்பதில் லாரன்ஸ் சரி. ஆனால் கிழக்கின் பங்கை அவர் ரொம்பவும் குறைத்துவிட்டார். இன்று இஸ்ரேலில் இருக்கும் பெல்வார் கோட்டை 1168-க்குப் பிறகு எழுந்தது. 1960-களில் இடிபாடுகளை அகற்றியபோது, மிகச் சுத்தமான மதிலுக்குள் மதில் அமைப்பு அங்கே வெளிப்பட்டது. ஐரோப்பாவில் அப்படி ஒன்று வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே! மண்ணுக்குள் மூடிக் கிடந்ததை எந்தச் சைக்கிள்காரரும் பார்த்திருக்க முடியாது. ஐரோப்பியர், பைசாண்டியர், அரபுகள் என்று எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இப்போது பொதுவாகச் சொல்லப்படுவது.

சரி, எட்வர்டின் வேல்ஸ் கோட்டைகள்? அவை 13-ஆம் நூற்றாண்டு என்பதால் லாரன்ஸின் கட்டுரை எல்லைக்கு வெளியே போய்விட்டன. அவற்றுக்கான விடை வந்த வழிதான் வேடிக்கை. அது சிரியாவிலிருந்தும் வரவில்லை, இங்கிலாந்திலிருந்தும் வரவில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது!

எட்வர்டின் கட்டட வேலைகளுக்குத் தலைமை வகித்தவர் "செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ்" என்ற மேஸ்திரி. யார் இவர், எந்த ஊர் என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1950 முதல் ஆர்னால்ட் டெய்லர் என்ற ஆய்வாளர், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இருந்த சவாய் நாட்டின் பழைய வரவு செலவுச் சுருள்களைப் புரட்டினார். அங்கே கோட்டைகள் கட்டிச் சம்பளம் வாங்கிய மேஸ்திரிகளில் இதே ஜேம்ஸ் இருந்தார். பிறகு சுவர்களை மறுபடி பார்த்தால் தடயம் கண்ணில் படுகிறது. சாரம் கட்டுவதற்காகச் சுவரில் விடும் ஓட்டைகள் வழக்கமாக நேர்கோட்டில் இருக்கும். கான்வியிலும் ஹார்லெக்கிலும் அவை கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக மேலே ஏறுகின்றன. சவாய்க் கோட்டைகளிலும் அப்படியே! (ஜேம்ஸ் எல்லாவற்றையும் தானே வடிவமைத்தாரா, அல்லது நிர்வாகம்தான் அவர் வேலையா என்று இப்போது ஒரு விவாதம் நடக்கிறது. ஆனால் சவாய் தொடர்பை யாரும் மறுப்பதில்லை.)

அந்த ஓட்டைகள் எழுநூறு வருடமாக அங்கேயேதான் இருந்தன. எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஆனால் கணக்குச் சுருளைப் படித்தவருக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. நேரில் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு இது உதாரணம்.

கேட்கப்படாத கேள்வி

லாரன்ஸ் கோட்டைகளிடம் கேட்டது ஒரே கேள்வி: உன்னை எப்படிக் கட்டினார்கள், எங்கிருந்து கற்றார்கள்? அது நல்ல கேள்வி. ஆனால் யார் செலவில், யாரை விரட்டிவிட்டுக் கட்டினார்கள் என்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்கும் அதே கணக்குகளில் பதில் உண்டு.

1277-இலிருந்து சுமார் கால் நூற்றாண்டில் எட்வர்ட் இந்தக் கோட்டைகளுக்குச் செலவழித்தது ஏறக்குறைய 80,000 பவுண்டு. ஜேம்ஸுக்கு ஒரு நாளைக்கு 3 ஷில்லிங், அதாவது 36 பென்னி, ஆயுள் முழுக்க. அவர் இறந்தால் மனைவி ஆம்ப்ரோசியாவுக்கு அதில் பாதி. சாதாரணக் கூலியாளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 2 பென்னி. பியூமாரிஸ் வேலையைப் பற்றி 1296 பிப்ரவரியில் கருவூலத்துக்கு ஜேம்ஸ் கூட்டாக எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல் உடைப்பவர்கள், 30 கொல்லர்கள், இன்னும் தச்சர்கள், வண்டிகள், படகுகள்... வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும் என்று கணக்குக் காட்டிக் கெஞ்சுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடன். இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி என்ற வட்டிக்கடைக் குடும்பம்தான் எட்வர்டின் பேங்க். 1275-இல் ஏற்றுமதியாகும் கம்பளி மூட்டைக்கு 6 ஷில்லிங் 8 பென்னி வரி போட்டு, அந்த வசூலை ரிக்கார்டியிடம் விட்டார்கள். 1294-இல் பிரான்ஸோடு சண்டை வந்தபோது கேட்ட பணத்தை ரிக்கார்டியால் புரட்ட முடியவில்லை. எட்வர்ட் அவர்களுடைய சொத்தை முடக்கிவிட்டார். கம்பெனி திவாலை நோக்கிப் போனது. அதற்கு அடுத்த வருடம் ஆரம்பித்ததுதான் பியூமாரிஸ். கொஞ்ச நாளில் ஸ்காட்லாந்துப் போர் பணத்தை விழுங்கியது. இன்று பியூமாரிஸுக்குப் போனால் கோபுரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். எதிரி இடித்ததில்லை அது. பணம் தீர்ந்துபோய்க் கட்டி முடிக்காமல் விட்டது.

பணத்தை விடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. கான்வி கோட்டை நிற்கும் ஊரில் முன்பு ஒரு மடம் இருந்தது. லுவெலினின் தாத்தா, "மாமன்னர்" என்று வேல்ஸ் மக்கள் கொண்டாடும் பெரிய லுவெலினைப் புதைத்த இடம் அது. எட்வர்ட் துறவிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கே கோட்டையும் மதில் சூழ்ந்த நகரமும் கட்டினார். பியூமாரிஸுக்காகப் பக்கத்தில் இருந்த லான்வைஸ் என்ற செழிப்பான வேல்ஸ் ஊரையே காலி செய்து, மக்களைத் தீவின் மறுமுனைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்காக அங்கே எழுந்த ஊருக்குப் பெயர் நியூபரோ, அதாவது புதிய ஊர். மதிலுக்குள் குடியேறியவர்கள் ஆங்கிலேயர்கள். சொந்த மண்ணில் அந்த நகரங்களுக்குள் வேல்ஸ்காரர்கள் குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் தடைகள் இருந்தன.

இதெல்லாம் எழுநூறு வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது யாருக்கு வலிக்கப் போகிறது என்று நினைக்கலாம். இந்தக் கோட்டைகளில் கேர்னார்வன், கான்வி, ஹார்லெக், பியூமாரிஸ் நான்கும் 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். 2017-இல் ஃப்ளின்ட் கோட்டையருகே 3,95,000 பவுண்டு செலவில் பெரிய இரும்பு வளையச் சிற்பம் ஒன்று வைக்கப் போவதாக அறிவித்தார்கள். வந்ததே கோபம்! எங்களை அடிமைப்படுத்தியதற்கு எங்கள் காசிலேயே நினைவுச் சின்னமா என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. வலிக்காத கதைக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

வேல்ஸில் பிறந்ததற்காக உதவித்தொகை வாங்கிய லாரன்ஸுக்கு, அந்தச் சுவர்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கண்ணில் படவில்லையே என்று அவரைக் குற்றம் சொல்வது சுலபம். அன்றைக்குக் கோட்டை ஆராய்ச்சி என்றாலே கட்டியவன் பக்கம் நின்று பார்ப்பதுதான். பத்து வருடம் கழித்து, முதல் உலகப் போரில் அரபுகளோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்தபோது, சுதந்திரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்ட பேரரசுகளுக்கு நடுவில் அவரே மாட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அது அவரை அரித்தது. அடுத்தவன் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அப்போது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பதினெட்டு வயதுச் சைக்கிள் பயணத்திலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர் பெரிய பணக்காரர் இல்லை, பேராசிரியர் இல்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பவில்லை, பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்கவும் இல்லை. போய்ப் பார்த்தார். அவர் விட்டதை டெய்லர் மாதிரி ஆட்கள் கணக்குச் சுருள்களில் பிடித்தார்கள். அவர்களும் விட்டதை லான்வைஸ் ஊரின் கதை சொல்கிறது.

அடுத்த லீவில் எங்கேயாவது பழைய கோட்டைக்குப் போனால், வாசலில் நின்று ஃபோட்டோ எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். யார் கட்டியது என்று பலகையில் எழுதியிருக்கும். யார் பணம் கொடுத்தார்கள், அதற்கு முன்பு அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதியிருக்காது. அதைத் தேடித்தான் மறுபடி நூலகத்துக்குப் போக வேண்டும். முடிந்தால் சைக்கிளில்!